ஐஸ் கம்பெனியில் மூன்று பாடு

ரேஷன் கடையில்கூட நான் காக்கிச் சட்டையைக் காட்டி வரிசையை முந்தியதில்லை, மாஜிஸ்ட்ரேட் மேடம். லைட்ஹவுஸ் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சிவகுமார் போலீசில் ஏட்டாகியும் மாறவில்லை என்று. ஏரியில் பாடு வைத்துப் பிழைக்கிற குடும்பத்தில் வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

பாடு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பழவேற்காடு ஏரியில் இறால் நிறைய விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் வெட்டுக்குத்தில் முடியும். அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்துக்கொள்வோம். அந்த முறைதான் பாடு. உடம்பு முடியாதவன் தன் பாட்டை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கலாம். கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. ஒருவனுடைய பாட்டை இல்லை என்று சொல்ல ஊருக்கே அதிகாரம் கிடையாது.

அந்த மூன்று மாணவர்களையும் எளாவூர் தாண்டி பஸ்ஸை நிறுத்தி இறக்கினோம். ஏரி முகத்துவாரத்தை மூடாதே என்று அவர்கள் கல்லூரி வாசலில் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். வேறு ஒன்றும் செய்யவில்லை. வழக்கும் பதியவில்லை, ஸ்டேஷனுக்கும் கொண்டுபோகவில்லை. மூடிக் கிடந்த ஓர் ஐஸ் கம்பெனியில் வைத்தோம். இவர்களைத் தூண்டிவிடுகிறவன் யார் என்று இன்ஸ்பெக்டருக்குப் பெயர் வேண்டும். அப்படி ஒருவனும் இல்லை என்பது முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்கிற இடத்தில் நான் இல்லை.

மூவரில் பூவரசன் எங்கள் குப்பத்துப் பையன். கோவிந்தம்மா அக்காவின் ஒரே மகன். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். ஹரிஹரன் ஏரிக்கு அப்பால் நெல் விளைகிற ஊர்ப் பையன், இளைப்பு நோய்க்காரன். மூன்றாவது ஜோஷ்வா.

முதல் நாள் எங்கள் ஆட்கள் கண்டபடி அடித்தார்கள். யார் கையில் யார் சிக்கினாலும் அடி. எனக்கு அது பிடிக்கவில்லை, மனசு கேட்கவில்லை. அதனால் பாடு வைத்தேன். ஒரு நாளைக்கு ஒருவனுக்குத்தான் அடி, அன்றைக்கு மற்ற இருவரையும் யாரும் தொடக் கூடாது. சீட்டையும் அவர்களையே எடுக்கச் சொன்னேன். முதலில் ஜோஷ்வா, அடுத்து ஹரிஹரன், கடைசியில் பூவரசன் என்று வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கோவிந்தம்மா அக்கா என் வீட்டுக்கு வந்தாள். இறால் தொக்கும் சோறும் தூக்கில் கொண்டுவந்திருந்தாள்.

"தம்பி, எம்புள்ளய எங்க வச்சிக்கிறாங்கோ?"

"எனக்குத் தெரிஞ்ச எடத்துலதான் கீறான். நான் பாத்துக்கறேன்க்கா."

"நீ இருந்தா சரிப்பா. நீ இருக்கசொல்ல அவனுக்கு இன்னா ஆவப்போவுது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சோற்றை மூவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தேன். பூவரசனுக்கு ஒரு கவளம்கூட அதிகம் வைக்கவில்லை.

ஹரிஹரன் முறை வந்த காலையில் அவனுக்கு மூச்சு வாங்கியது. சுவரோடு ஒட்டிக்கொண்டு எழ மறுத்தான்.

"மாமா, அவன் பாட்ட எனக்கு வுட்டுடு. அவன் செத்துடுவான் மாமா," என்றான் பூவரசன்.

முறைப்படி அது செல்லும். ஒத்துக்கொண்டேன். அன்று அவன் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "யாரும் இல்ல மாமா. நாங்களேதான் மாமா." உள்ளங்கால் இரண்டும் வீங்கி, சாயங்காலம் சுவரைப் பிடித்தும் அவனால் நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டரிடமிருந்து போன் வந்தது. யாரோ ஒரு வக்கீல் ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டார், மூவரையும் பஸ் ஏற்றிவிடு என்றார். பூவரசன் காதில் அது விழுந்துவிட்டது. உட்கார்ந்தபடியே சட்டையை எடுத்தான். கை தூக்க முடியாததால் ஜோஷ்வா மாட்டிவிட்டான்.

"வூட்டுக்குப் போலாமா மாமா?"

"உன் பாடு இருக்குதே."

"நேத்தே வாங்கினேனே மாமா."

"நேத்து வாங்கினது அவனுது."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டான். ஹரிஹரன் தவழ்ந்து வந்து, "என்னுத நானே வாங்கிக்கிறேன் சார், அவன வுட்டுடுங்க," என்று அழுதான். கொடுத்த பாட்டைத் திரும்ப வாங்க முடியாது என்று அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கூட இருந்த ஏட்டு டேவிட், "போன் வந்துடுச்சி, வுடு சிவா. பாவம்டா," என்றான். ஜோஷ்வா தன் காலைத் தடவியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? சொந்த ஊர்ப் பையன் என்றதும் விட்டுவிட்டான் என்று நாளைக்கு அவன் நாலு பேரிடம் சொல்ல மாட்டானா? அந்தப் பெயரை என்னால் தாங்க முடியாது.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். எனக்குக் கோபம் இல்லை. கேள்வியும் எதுவும் கேட்கவில்லை, கேட்க ஒன்றும் பாக்கி இல்லை. பாதியில் அவன் மாமா என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. ஜோஷ்வாவுக்குப் பாதியில் நிறுத்தவில்லை என்பதால் இவனுக்கும் நிறுத்தவில்லை.

தப்பி ஓடப் பார்த்து மதிலிலிருந்து விழுந்தான் என்று என் ஆட்கள் எழுதிக் கொடுத்திருப்பது பொய், மேடம். அவனால் நிற்கவே முடியாது, எங்கே ஓடுவான்? போன் வந்த பிறகு, யாரும் சொல்லாமல், நான் ஒருவனேதான் அவனை அடித்துக் கொன்றேன். என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

கோவிந்தம்மா அக்கா தினமும் என் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுகிறாளாம். ஒற்றை மகனைப் பறிகொடுத்தவள், அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. யாராவது அவளுக்கு ஒன்றை மட்டும் புரியவைத்தால் போதும். அவள் மகன்மேல் அவன் பங்குக்கு மேலே ஓர் அடிகூட நான் போடவில்லை.