பின்னாடி இடது டயர்

மச்சினி: நான் சிரிக்கல மாமா. இருமல்.

மாமா: இருமறவங்க வாயப் பொத்துவாங்க, வயித்தப் புடிக்க மாட்டாங்க. டார்ச்ச ஒழுங்கா காட்டு. கம்ப்ரஸர் இங்க இருக்கு, நீ என் மூஞ்சிக்கு வெளிச்சம் போடுற.

மச்சினி: மூஞ்சிதான் பார்க்கற மாதிரி இருக்கு. எங்க கிளினிக்ல பல்லு புடுங்க வந்து உக்காருவாங்களே, அவங்களுக்கும் இப்படித்தான் மேல் உதட்டுல வேர்க்கும்.

மாமா: ஜீப் பானெட்டுக்குள்ள தலைய விட்டுப் பாரு, உனக்கும் வேர்க்கும். இந்த ஷெட்டுல காத்தே இல்ல.

மச்சினி: அதான் காத்து அடிக்கிற மிஷினையே மாட்டுறீங்களே.

மாமா: பல் டாக்டருக்குப் பஞ்சு எடுத்துக் குடுக்குற உனக்கு நக்கலாத்தான் இருக்கும்.

மச்சினி: கம்ப்ரஸர் எனக்கு ரொம்ப நாள் பழக்கம் மாமா. காலைல கிளினிக் கதவத் தொறந்ததும் மொதல்ல அதத்தான் ஆன் பண்ணுவேன். அது காத்து குடுத்தாத்தான் டாக்டரோட டிரில்லே சுத்தும். ஆனா எங்க டாக்டர் அத வண்டில ஏத்திக்கிட்டு ஊரச் சுத்துனதில்ல.

மாமா: ஊரச் சுத்துறதுக்கு இல்ல இது. மணல்ல போறப்ப டயர்ல காத்த எறக்கணும், அப்பத்தான் வண்டி புதையாது. திரும்ப தார் ரோட்டுக்கு வந்ததும் காத்து ஏத்தணும். நடுக்காட்டுல எவன் கடை தொறந்து வச்சிருப்பான்? அதுக்குத்தான் வண்டியோடவே ஒண்ணு. சுவிட்சத் தட்டினா போதும். எவன்கிட்டயும் போய் நிக்க வேணாம்.

மச்சினி: போன தடவை எவன்கிட்ட போய் நின்னீங்க?

மாமா: பொதுவா சொன்னேன்.

மச்சினி: நம்ம ஜீப் ஏறின ஒரே மேடு பால் கடை முன்னாடி இருக்குற வேகத்தடைதானே...

மாமா: போன மாசம் எங்க ஜீப் குரூப்லயே மணல் மேட்டுல மொதல் ஆளா ஏறினது யாரு? உள்ள போய் உங்க அக்காகிட்ட கேளு.

மச்சினி: அக்கா வந்து பார்த்தாளா? நீங்க சொன்னதத்தான் அவ எங்கிட்ட சொன்னா. பரவால்ல, நாளைக்குத்தான் எல்லாரும் அந்த மேட்டுக்குக் குடும்பத்தோட வரப்போறாங்களாமே. கண்ணாலயே பார்த்துடலாம்.

மாமா: பன்னெண்டு நம்பர் ஸ்பேனர எடு.

மச்சினி: என்ன மாமா, பேச்ச மாத்துறீங்க?

மாமா: போல்ட் லூஸா இருக்கு. பேச்சு டைட்டாத்தான் இருக்கு.

மச்சினி: இந்தாங்க. அது சரி, நீங்க இத வாங்கினது மணலுக்கா, இல்ல அந்த டயருக்கா? பின்னாடி இடது டயர்ல காத்து நிக்க மாட்டேங்குதுன்னு ரெண்டு மாசமா பொலம்புனீங்களே.

மாமா: அத ஏன் கேக்குற. அந்த மூலைக்கு என்ன கேடுன்னே தெரியல. பஞ்சர் கடைக்காரன் தண்ணித் தொட்டில முக்கிப் பார்த்தான், ஒரு குமிழி கூட வரல. வால்வ மாத்துனேன். அப்பவும் எறங்கிச்சு.

மச்சினி: டயரயே மாத்திப் பார்த்தீங்களா?

மாமா: மாத்தாம இருப்பேனா? அத முன்னாடி போட்டுட்டு, ஸ்டெப்னிய அந்த எடத்துல மாட்டினேன். முன்னாடி போன டயர் கல்லு மாதிரி நிக்குது. புதுசா வந்த ஸ்டெப்னி எறங்குது.

மச்சினி: அப்போ டயர்ல தப்பில்ல. எடத்துலதான் தப்பு.

மாமா: பஞ்சர் கடைக்காரனும் இதையேதான் சொல்லிச் சிரிச்சான். உங்க அக்காதான் கடைசில, 'தெனமும் கடைக்கு ஓடுறதுக்குப் பதிலா ஒரு கம்ப்ரஸர் வாங்கி வண்டியிலயே மாட்டிடுங்களேன்'னா. அவ வாயிலருந்து வந்த ஒரே உருப்படியான யோசனை.

மச்சினி: சொல்றேன் அவகிட்ட. சந்தோஷப்படுவா.

மாமா: முடிஞ்சுது. பாரு, எப்படி இருக்கு?

மச்சினி: அழகா இருக்கு. கம்ப்ரஸரத் தாங்குற தகட்டுக்கு செகப்பு பெயின்ட் அடிச்சிருக்கீங்க. போல்ட்டுக்குக் கூட அடிச்சிருக்கீங்க. பொண்ணு பார்க்க வர்றாங்களா?

மாமா: பானெட்டத் தொறந்தா நாலு பேரு பார்ப்பாங்கல்ல. சுவிட்சப் போடு.

மச்சினி: போட்டேன்.

மாமா: போடு.

மச்சினி: போட்டேன் மாமா. நாளைக்கு மேடு ஏறப்போற ஆளு மாதிரியே சத்தமில்லாம இருக்கு.

மாமா: ஓடலையா... அடடா. ஓடலையே. சரி விடு. புது மிஷினு, உள்ள ஏதோ போயிடுச்சு போல. திருப்பி அனுப்பிட வேண்டியதுதான்.

மச்சினி: ஒரு நிமிஷம். எர்த் ஒயர எங்க முடுக்கியிருக்கீங்க?

மாமா: இதோ, இந்த போல்ட்டுல.

மச்சினி: பெயின்ட் மேலயா? பெயின்ட்டத் தாண்டி கரண்ட் எப்படி மாமா போகும்? என் ஸ்கூட்டர் ஹாரன் இப்படித்தான் ஊமையாக் கெடந்துச்சு. அந்த உப்புத்தாளக் குடுங்க, சொரண்டித் தர்றேன்.

மாமா: வேணாம் வேணாம், பெயின்ட் போயிடும்.

மச்சினி: போகத்தான் சொரண்டுறது. ... இந்தாங்க, தகரம் பளபளன்னு தெரியுது. இப்ப முடுக்குங்க. சுவிட்சப் போடுறேன்.

மாமா: ஓடாது.

மச்சினி: இன்னும் போடவே இல்ல. ஓடாதுன்னு எப்படித் தெரியும்?

மாமா: ஒரு அனுபவம்தான்.

மச்சினி: ஆமா, ஓடல. அனுபவசாலிதான் நீங்க. ஃப்யூஸ் எங்க இருக்கு?

மாமா: அதெல்லாம் சரியா இருக்கு. அதத் தொடாத, ஷாக் அடிக்கும்.

மச்சினி: பன்னெண்டு வோல்ட்டு பேட்டரி என்னைக்கு மாமா ஷாக் அடிச்சுது? ... ஃப்யூஸ் பெட்டி காலியா இருக்கு.

மாமா: கம்பெனிக்காரன் வைக்க மறந்திருப்பான். பாரு, இவ்வளவு பேரு இருக்குற ஊர்ல எனக்குன்னு வந்து சேருது. சரி, இனிமே கடையத் தேடி, வாங்கி... நாளைக்குக் கெளம்ப முடியாது. கம்ப்ரஸர் இல்லாம மணல்ல எறங்குறது புத்திசாலித்தனம் இல்ல. தாடிக்காரருக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லிடுறேன்.

மச்சினி: தாடிக்காரரு யாரு?

மாமா: குரூப் லீடர். பாவம், ரொம்ப ஏமாந்து போவாரு.

மச்சினி: மாமா.

மாமா: என்ன?

மச்சினி: சட்டைப் பாக்கெட்டுல பச்சையா ஒண்ணு தெரியுதே. அது என்ன, மிட்டாயா?

மாமா: டார்ச்ச அங்க காட்டாத.

மச்சினி: எங்க கிளினிக்ல தெனமும் பார்க்குறேன். அப்பாயின்ட்மென்ட் அன்னிக்குத்தான் வண்டி ரிப்பேராகும், சொந்தக்காரர் சாவாரு. ஒருத்தர் எங்க நாற்காலி சாயலேன்னு கெளம்பிப் போனாரு. பார்த்தா நெம்புகோல் மேல அவரேதான் கால வச்சு அழுத்திட்டிருந்தாரு.

மாமா: மெதுவா பேசு. அக்கா காதுல விழும்.

மச்சினி: அப்ப சொல்லுங்க.

மாமா: அந்த மேட்ட நீ பார்த்ததில்ல. கீழருந்து அண்ணாந்து பார்த்தா வானந்தான் தெரியும். ஏறுறப்ப ரோடே தெரியாது, பானெட் மட்டுந்தான் தெரியும். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு...

மச்சினி: ஏறினவருதானே நீங்க.

மாமா: ஏறல.

மச்சினி: பாதி வரைக்கும்?

மாமா: கீயத் திருப்பவே இல்ல. வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டு வண்டியிலயே உக்காந்திருந்தேன். காத்த மட்டும் எறக்கினேன். திரும்பறப்ப தாடிக்காரர் வண்டிகிட்ட வரிசைல நின்னு ஏத்திக்கிட்டேன். மேடே ஏறாதவனுக்கு எதுக்குய்யா காத்துன்னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க.

மச்சினி: ஐயோ பாவமே. அப்புறம் வீட்டுக்கு வந்து...

மாமா: கதவத் தட்டுறப்ப வரைக்கும் உண்மையச் சொல்லணும்னுதான் இருந்தேன். அவ 'எப்படிப் போச்சு'ன்னு கேட்டா. வாயி தானா சொல்லிடுச்சு. இப்ப பாரு, குடும்பத்தோட வரணும்னு எவனோ கெளப்பி விட்டுட்டான். நாளைக்கு அவ முன்னாடியே நான் கீழ உக்காந்திருக்கணும். குரூப்ல சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். அவ சிரிச்சா என்னால தாங்க முடியாதுடி. எம்மேல அவளுக்கு இருக்குற மரியாதை இந்த ஜீப்பாலதான்.

மச்சினி: அப்படின்னு யாரு சொன்னா?

மாமா: யாரு சொல்லணும்... உனக்குப் புண்ணியமாப் போகும், ஃப்யூஸ் தொலைஞ்சு போச்சுன்னு நீயும் ஒரு வார்த்தை சொல்லு.

அக்கா: என்ன தொலைஞ்சு போச்சு?

மாமா: ஒண்ணுமில்ல. நீ எதுக்கு இங்க வந்த, கையெல்லாம் கிரீஸாகும்.

அக்கா: ஆகட்டும். அந்தப் பாக்கெட்டுல இருக்குறதக் குடுங்க.

மாமா: இது வந்து... எக்ஸ்ட்ரா.

அக்கா: குடுங்க. ... தள்ளி நில்லுடீ, வெளிச்சத்த மறைக்காத. இப்ப சுவிட்சப் போடு.

மச்சினி: ஓடுதுக்கா. காது கிழியுது.

அக்கா: குழாய பின்னாடி இடது டயர்ல மாட்டு. முப்பதுக்கு வந்ததும் நிறுத்து.

மாமா: முப்பதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஃப்யூஸ் எங்க சொருகணும்னு எப்படித் தெரியும்?

அக்கா: இத்தன நாளா கால் பம்புலதானே மிதிச்சேன். முன்னாடி ரெண்டு டயர், அப்புறம் பின்னாடி வலது. கடைசியா இது. இதுகிட்ட வர்றப்ப முட்டில உசிரு இருக்காது. அரையும் கொறையுமா விட்டுட்டு வந்துடுவேன். நீங்க ஸ்டெப்னிய மாட்டுனா என்ன, தங்கத்துலயே டயர் போட்டா என்ன?

மாமா: நீ எதுக்குக் காத்த எறக்கின?

அக்கா: மணல்ல எறக்காம ஓட்ட முடியுமா?

மாமா: நீ... ஓட்டுனியா? இந்த வண்டியவா?

அக்கா: இது பொம்பளைங்க ஓட்டுற வண்டி இல்லைன்னு சாவிய பீரோவுல வச்சுப் பூட்டுனீங்க. பீரோ சாவி யாருகிட்ட இருக்கு? நீங்க ஆபீஸ் வேன்ல ஏறிப் போனதும் நான் இதுல ஏறிடுவேன்.

மச்சினி: நான் பின் சீட்டுல மாமா. ரெண்டு தடவை. எனக்கும் மேல் உதட்டுல வேர்த்துச்சு.

மாமா: நீயும் கூட்டா? இவ்வளவு நேரம் டார்ச்சப் புடிச்சுக்கிட்டு...

மச்சினி: சிரிப்ப அடக்கிக்கிட்டு. அதான் இருமல்.

மாமா: உனக்கு யாரு கத்துக் குடுத்தா?

அக்கா: தாடிக்காரர் சம்சாரம். குடும்பத்தோட வரச் சொல்லலாம்னு அவங்ககிட்ட சொன்னதும் நான்தான். எத்தன நாளைக்குத் திருட்டுத்தனமா ஓட்டுறது? உங்க முன்னாடி ஒரு தடவையாவது ஏறணும்.

மாமா: தாடிக்காரர் வீட்ல பழக்கமா... அப்போ போன மாசம் நான் கீழயே உக்காந்திருந்தது...

அக்கா: நீங்க வீடு வந்து சேர்றதுக்குள்ள அந்தம்மா போன் பண்ணிட்டாங்க. வயிறு சரியில்லையாம், கஞ்சி வச்சுக் குடுங்கன்னாங்க. வச்சேன். நீங்க அதக் குடிச்சுக்கிட்டே மேடு ஏறின கதையச் சொன்னீங்க. அப்புறம் உங்க தங்கச்சிக்குப் போன்ல சொன்னீங்க, அப்புறம் எதுத்த வீட்டுக்காரருக்கு. ஒவ்வொரு தடவையும் மேடு ஒரு ஆள் உயரம் வளந்துச்சு, நான் குறுக்க ஒரு வார்த்தை பேசல. சாவியக் குடுங்க. நாளைக்கு வண்டிய நான் ஏத்துறேன், நீங்க பக்கத்துல உக்காந்து வாங்க, பயமா இருந்தா என் கையப் புடிக்காதீங்க, கதவப் புடிச்சுக்கோங்க. மேடு எவ்வளவு உயரம்னு இந்தத் தடவை நான் சொல்லிக்கிறேன்.