‘சேரவில்லை’ என்ற பதில்

ஸ்விட்ச் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவேன். எந்நேரமும் ஏ.சி. ஓடுவதால் தரை சில்லென்றிருக்கும். ஓயாமல் ஆடும் என் கால் அங்கே மட்டும் கொஞ்சம் அடங்கும். இப்போதும் ஆடுகிறது, பார்க்கிறீர்களே. பயம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

ஸ்விட்ச் என்றால் விளக்கு போடுவது அல்ல, சார். மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள், கட்டிலோரப் பெட்டிகள் எல்லாவற்றின் ஒயரும் வந்து சேரும் இயந்திரம். அதைப் பார்த்துக்கொள்பவன் நான். ஒன்று அனுப்பும் தகவலை இன்னொன்றிடம் சேர்ப்பது அதன் வேலை. முடியாவிட்டால், அனுப்பியவருக்கே ‘சேரவில்லை’ என்று பதில் போடும். ஐசிஎம்பி பிழைச்செய்தி என்போம். பண்புள்ள இயந்திரம்.

ஆனால் கண்டதற்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தால் அதன் மூளை திணறும். அதனால் பல இடங்களில் இந்தப் பதிலையே நிறுத்தி வைப்பார்கள். நானும் நிறுத்தினேன். எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் தப்பில்லை என்பார்கள்.

என் அண்ணன் இதய சிகிச்சை முடிந்து மூன்றாவது மாடியில் தனியறையில் இருந்தார். அண்ணி போனபின் அவரும் தனியாள், நானும் தனியாள். தேறிக்கொண்டிருந்தார். எப்போதாவது நெஞ்சைப் பிசையும், கட்டிலோரப் பெட்டியின் பொத்தானை அழுத்துவார், நர்ஸ் வந்து நாக்கினடியில் மாத்திரை வைத்தால் அடங்கிவிடும்.

அன்று மதியம் நான் போனபோது நர்ஸ் கட்டிலருகே நின்றிருந்தாள்.

“சிஸ்டர், இதுதான் என் தம்பி, ஊமைக்கோட்டான். இவன் வாயைத் திறக்கணும்னா பல் டாக்டர்தான் வரணும்” என்றார் அண்ணன்.

“அதான் நீங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிடறீங்களே. டிஸ்சார்ஜ் ஆனா எனக்குத்தான் பொழுது போகாது.”

“நேரா இவன் வீட்டுக்குத்தான் போறேன். இனிமே தனியா இருக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. டேய், ஹாலெல்லாம் வேணாம். உன் ரூம்லயே ஒரு கட்டில் போட்டுடு. பேசிக்கிட்டே கிடக்கலாம்.”

“சரிண்ணே” என்றேன்.

என் வீட்டில் கடிகாரம்கூட இல்லை. முள் நகரும் சத்தம் எனக்கு ஆகாது. வேலை முடிந்து வந்தால், ஒரு சொல்லும் காதில் விழாமல் அறைக்கு அறை நடப்பேன். அந்த நடை இருப்பதால்தான் பகலில் மனிதர்களோடு ஒத்துப்போகிறேன்.

கட்டிலோரப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தினால் அது நர்ஸ் மேசைக்குத் தகவல் அனுப்பும். ‘சேரவில்லை’ என்ற பதில் வந்தால் கட்டிலருகிலேயே அலறும். வராந்தாவில் போகிறவர்கள்கூட ஓடி வருவார்கள். எந்தப் பதிலும் வராவிட்டால், தகவல் சேர்ந்துவிட்டதாக நம்பிப் பச்சை விளக்கைக் காட்டும். பெட்டியைச் செய்தவர்களின் அசட்டுத்தனம் அது.

கீழே வந்தேன். அண்ணன் அறையிலிருந்து நர்ஸ் மேசைக்குப் போகும் தகவலை மட்டும் ஸ்விட்ச் கொண்டுபோய்ச் சேர்க்காமல் வழியிலேயே கொட்டிவிடும்படி ஒரு வரி கட்டளை எழுதினேன். பதிலை நிறுத்தியதும் அப்போதுதான். முன்னே சொன்ன காரணம் பொய்யில்லை. அன்றைக்கு அது வசதியாகவும் இருந்தது. அவருக்குக் கொஞ்சம் முடியாமல் போனால் டிஸ்சார்ஜ் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன்.

கொட்டப்படும் தகவல்களுக்கு ஸ்விட்சில் ஓர் எண்ணிக்கை உண்டு. அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கூடியது. நிதானமாக இன்னொன்று. பச்சை விளக்கைப் பார்த்து, நர்ஸ் வருகிறாள் என்று காத்திருந்திருப்பார். பிறகு கடகடவென்று ஏறியது. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். மாடிப்படி பக்கத்தில்தான் இருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது எண் நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, அது இனி ஏறாது என்று தெரிந்தபின், அந்த வரியை அழித்தேன்.

“மணி அடிக்கவே இல்ல, சத்தியமா” என்று நர்ஸ் அழுதாளாம். யாரும் நம்பவில்லையாம், அவள் அலட்சியமாக இருந்துவிட்டாள் என்று உங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அவள் சொல்வது உண்மை. அவளை விட்டுவிடுங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன். வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

கொலை என்று எழுதுவீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அண்ணனை நான் தொடவே இல்லை, சார். அவர் கூப்பிட்டார், நான் பதில் சொல்லவில்லை. எங்களுக்குள் எப்போதும் அப்படித்தான்.