எச்சில் தொட்டால் ஓடும் மவுஸ்

"ஹலோ... ஆமாடா, நான்தான்... இரு, இரு. போனை இடது கைக்கு மாத்திக்கிறேன். வலது கையில பிடிச்சா மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் உள்ள யாரோ கம்பியைக் கட்டி இழுக்கிற மாதிரி இருக்கு... ம். இப்பச் சொல்லு... இல்ல, ஒளியல. நான் ஏன் ஒளியணும்... காலையில அடிச்சியா? பட்டறைச் சத்தத்துல கேட்டிருக்காது... மத்தியானமுமா? அதுவும் கேக்கல... நேத்து தூங்கிட்டேன்... விடேன் பரகாத். இப்ப எடுத்துட்டேன்ல."

பொய் சொன்னால் ஷெஹாத்தாவுக்குப் பிடரி வேர்க்கும். ஏசிக்கு நேர் கீழே நின்றும் இப்போது வேர்த்தது.

கெய்ரோவின் நடுவில், கம்ப்யூட்டர் சாமான் கடைகளையே மாடி மாடியாக அடுக்கிய கட்டடம். அங்கே ஒரு கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றிருந்தான். பாதி ஆயுள் மார்பிள் பட்டறையில் கல் அறுத்தவன். முதுகு போனதும் முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பாமல் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். போனில் இருக்கும் பரகாத், கீழே ஒரே கல்லின் மறுமுனையை இத்தனை காலம் தூக்கியவன். இப்போதும் கீழேதான் தூக்குகிறான்.

"எங்க இருக்கேனா... ஒரு கடையில... இல்ல, மருந்துக்கடை இல்ல... சொன்னா சிரிப்ப... மவுஸ் வாங்க வந்திருக்கேன்... கம்ப்யூட்டருக்கு... ஆமா. ஆமா, ஆமா. சிரி. நல்லா சிரி. பக்கத்துல இருக்கவனுக்கும் சொல்லு. நான் இங்கேயேதான் நிக்கிறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கி, இருமலாகி, மறுபடி சிரிப்பானது. ஷெஹாத்தா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மேசைக்குப் பின்னால் நின்ற நர்மீன் என்ற பெண்ணைப் பார்த்து வெட்கமாகப் புன்னகைத்தான். அவளுக்கு அவன் மகள் வயது.

"முடிஞ்சுதா... ம். கேளு. கை வலிக்குதுடா, நெசமா. நாள் பூரா ஒரே விரலால அந்தச் சக்கரத்தை உருட்டி உருட்டி, அமுக்கி அமுக்கி... என்ன வேலைன்னா, ஒரு முழுக் கல்லோட படம் வரும். அதுல சமையல் மேடை எங்க, படிக்கட்டு எங்கன்னு துண்டு துண்டாப் பொருத்தணும், கல்லு வீணாகக் கூடாது... ஆமா, உக்காந்துக்கிட்டேதான். உக்காந்த எடத்துல கையை ஒடச்சுக்கிட்ட மொத ஆளு நான்தான், போதுமா... மருந்துக்கடை டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எதைத் தூக்குனீங்கன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல. ஒரு விரலைத் தூக்குனேன் டாக்டர்னேன்... சிரிக்கல அவரு. எழுதிக்கிட்டாரு."

நர்மீன் ஒரு வெள்ளைப் பொருளை அவன் முன்னால் தள்ளிவைத்தாள்.

"அவருதான் சொன்னாரு, அமுக்குற மவுஸே வேணாம், டச் மவுஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல பொத்தானே கிடையாது, மேல விரலை வச்சுத் தடவுனாப் போதும்னு... தடவுனா... ஆமா, தடவுறதுதான்... வாயை மூடுடா, இங்க ஒரு பொண்ணு நிக்குது. என்னை ஹாஜின்னு கூப்பிடுது. இன்னும் மக்கா பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலன்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது."

அவன் அதைக் கையில் எடுத்தான். விலையைக் கேட்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தான். ஓரத்தில் நகத்தை ஓட்டினான். டியூப்லைட் வெளிச்சம் மேலே வழுக்கி ஓடும்படி சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். 

"பரகாத், பாலீஷ் என்னமாப் போட்டிருக்கான் தெரியுமா. ஓரத்துல ஒரு அலை இல்ல. இணைப்பு எங்கன்னே தெரியல. நம்ம பட்டறையில ஒரு வாஷ்பேசினை இப்படி முடிச்சா மொதலாளி அழுதுருவாரு... என்ன? ... ம்... ஆமா, வெள்ளிக்கிழமை... தெரியும். மறப்பேனா... கலவை மெஷின் வந்துருச்சா. கம்பி கட்டியாச்சா... சரி... சரி சரி... நான் எங்கடா வரலன்னேன். கையைப் பத்தித்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்... சாக்கு இல்ல. வலிக்குதுன்னா வலிக்குது. உனக்கென்ன, கையைக் கழட்டி அனுப்பவா, நீயே பாத்துக்கிறியா."

வெள்ளிக்கிழமை பரகாத்தின் வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள். மார்பிள் பட்டறைகள் நிறைந்த பஸாதீன் பகுதிச் சந்துகளில் பட்டறைக்காரன் எவனும் தன் வீட்டுத் தளத்துக்குக் கூலி ஆள் பிடிப்பதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் வருவார்கள். கான்கிரீட் சட்டியைத் தோளில் வைத்துச் சாய்வுப் பலகையில் ஏறுவார்கள், இறங்குவார்கள், சோறும் கறியும் தின்றுவிட்டுப் போவார்கள். காசு பேசினால் அவமானம். அவர்கள் வீட்டுத் தளத்தன்று இவன் போய்ச் சுமக்கவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஷெஹாத்தா வீட்டுக்கு ஒரு ஆகஸ்ட் வெயிலில் தளம் போட்டபோது பரகாத் கடைசிச் சட்டி வரை சுமந்தான். கறி பத்தாது என்று அடுப்படியில் முணுமுணுப்புக் கேட்டதும், வயிறு சரியில்லை என்று சொல்லி வெறும் டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

அதனால் வரமுடியாது என்று சொல்ல ஷெஹாத்தாவுக்கு வாய் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லவும் வரவில்லை. உண்மையில் அவன் பயந்தது கை வலிக்கு அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து வயிறு முன்னால் வந்துவிட்டது. பட்டறையில் பாதிப் பேர் அவனை 'எஃபெந்தி' என்று, ஆபீஸ் துரை என்ற கேலியோடு, கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சாய்வுப் பலகையின் நடுவில், தோளில் சட்டியோடு, மேலேயும் போகமுடியாமல் கீழேயும் வரமுடியாமல், பின்னால் ஆட்கள் வரிசைகட்டி நிற்க, தான் மட்டும் மூச்சிரைத்து நிற்பதை அவன் பலமுறை மனசில் பார்த்துவிட்டான்.

"இரு, இந்தப் பொண்ணு தொட்டுப் பாக்கச் சொல்லுது... வைக்காத... ம், விரலை வச்சாச்சு. தடவுறேன்... ஒண்ணும் நகரல. திரும்பத் தடவுறேன்... இல்லம்மா, தடவிக்கிட்டுத்தான் இருக்கேன்... கொஞ்சம் அழுத்தியா? அமுக்கக் கூடாதுன்னுதானே தாயி இதை வாங்க வந்தேன்... பரகாத், இது செத்த சாமான்டா... இரு, இந்தப் பொண்ணே தொடுது... அடப்பாவி, ஓடுது. சுண்டுவிரலை வச்சாக்கூடத் திரையில பக்கம் பக்கமா ஓடுது... இப்ப நான்... நின்னுபோச்சு. டீ கொண்டுவந்த ஆளு தொடுறாரு... அவருக்கும் ஓடுதுடா. டீக்காரருக்கு ஓடுது, எனக்கு ஓடல."

நர்மீன் அவன் கையைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். பார்த்தாள். மெதுவாக எதையோ விளக்கினாள்.

"என்னவாம்னா... இதுக்குள்ள ஒண்ணு இருக்காம், அது உயிருள்ள தோலைத் தேடுமாம். தோலுல இருக்க ஈரத்தை. என் விரல்ல அது கிடைக்கலையாம்... காய்ப்புடா. காய்ச்சு, காஞ்சு கிடக்காம். நான் தொட்டா ஆளு தொட்ட மாதிரியே அதுக்குத் தெரியலையாம். ஏதோ கல்லு வந்து மேல விழுந்து கிடக்குன்னு அதுபாட்டுக்குச் சும்மா இருக்கு... ஆமா. ஆமா. மக குடுத்த டச் போனை, கோளாறு போனுன்னு நாலு நாள் திட்டிட்டுத் திருப்பிக் குடுத்தேன்ல, ஞாபகம் இருக்கா. கோளாறு போனுல இல்ல போல."

அவன் தன் விரல் நுனிகளைப் பார்த்தான். நாற்காலியும் சோப்பும் சேர்ந்து எல்லாவற்றையும் எப்போதோ கழுவிவிட்டன என்று நினைத்திருந்தான். மனைவியிடம் ஒருநாள், "பாரு, டாக்டர் கை மாதிரி ஆயிடுச்சு" என்று நீட்டிக்கூடக் காட்டினான். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு மாவு பிசைவதைத் தொடர்ந்தாள். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"எஃபெந்தின்னு கூப்புட்ட வாயெல்லாம் இப்ப வந்து பாக்கச் சொல்லு. மெஷினே சாட்சி. கல்லுக்காரன் கைதான் இது, இன்னமும்... என்ன... அப்ப சட்டி தூக்க என்ன கேடுன்னு கேக்குறியா... ம்... ம். மாட்டிக்கிட்டேன். நானா வாயைக் குடுத்து, நானா மாட்டிக்கிட்டேன். வக்கீல் வச்சிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமாத் தோத்திருக்க மாட்டேன்."

மவுஸை மறுபடி எடுத்தான். யோசிக்காமல் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்தான். அறுத்த கல்லில் தூசி விலகி உண்மை நிறம் தெரிய, பட்டறையில் தினமும் எல்லோரும் செய்வதுதான். திரையில் பக்கங்கள் ஓடின.

"டேய்... ஓடுதுடா... நான் ஒண்ணும் செய்யல. நிறம் பாக்குற மாதிரி எச்சி தொட்டு ஒரு இழுப்பு... ஆமா, கடையிலதான்... ஆமா, அந்தப் பொண்ணு முன்னாடியேதான்... மன்னிச்சுக்கோ தாயி, பழக்கதோஷம்... டிஷ்யூவை எடுத்துத் தொடைக்குது பரகாத். ரெண்டு விரலால பிடிச்சுத் தொடைக்குது. பூமி பொளந்தா நேரா உள்ள போயிருவேன்."

பூமி பிளக்கவில்லை. நர்மீன் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். டீக்காரர் அடக்கவில்லை.

"ஈரம் பட்டா தெரியுதாம் அதுக்கு... அதுக்காக? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் நக்கிக்கிட்டே உக்காந்திருக்கணுமா? மொதலாளி ஒரு பெரிய மனுஷனைக் கூட்டிக்கிட்டு உள்ள வருவாரு, இவருதான் எங்க கல்லுக் கணக்கு எல்லாம் பாக்குறவருன்னு. நான் விரலை வாயில வச்சுக்கிட்டு சலாம் சொல்லவா... ரமலான்ல என்ன பண்ண? நோன்பு தொறக்குற வரைக்கும் ஒரு கல்லு நகராது... என்னது? ... கல்லு அறுக்குற மெஷினுக்குத் தண்ணி விடுற மாதிரி எனக்கும் குழாய் மாட்டணுமா. மாட்டு. அது ஒண்ணுதான் பாக்கி."

ஆனால் அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. பட்டறைக் கணக்குப்பிள்ளை மேசையில், நோட்டு எண்ணுவதற்கு ஈரப் பஞ்சு வைத்த சின்ன டப்பா ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது.

"பஞ்சு டப்பாடா. கணக்குப்பிள்ளையோடது. அதுல ஒண்ணு வாங்கிப் பக்கத்துல வச்சுக்கிட்டா முடிஞ்சுது... இந்தப் பொண்ணு வேற ஒண்ணு சொல்லுது. ராத்திரி கிரீம் பூசி, மேல துணி உறை மாட்டிப் படுக்கணுமாம். கொஞ்ச நாள்ல காய்ப்பு எளகிருமாம்... எம் பொண்டாட்டி கல்யாணத்துக்குக்கூட அப்படிப் படுக்கலடா... என்ன சொல்ற? ... வெள்ளிக்கிழமை முடியுற வரைக்கும் கிரீமைத் தொடக்கூடாதா. சரிங்க மொதலாளி."

நர்மீன் வேறொன்றையும் எடுத்துவைத்தாள். நடுவில் குண்டு பதித்தது, எப்பேர்ப்பட்ட விரலால் உருட்டினாலும் உருளும், விலையும் குறைவு. அவன் அதை மரியாதைக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு வெள்ளைக்கே திரும்பினான்.

"இல்ல, அந்த வெள்ளையே... தெரியும், குண்டு மவுஸ்தான் எனக்குப் பொருத்தம். ஆனா அதோட விளிம்பைப் பாத்தியா, பிசிறு நிக்குது. அதைத் தெனமும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது. இது என்னை ஆளாவே மதிக்கல, நான் இதைத்தான் வாங்குவேன்னு நிக்கிறேன். புத்தி இருக்கவன் செய்யுற வேலையா... அதையேதான் நீயும் சொல்ற. சரி."

பிறகு பரகாத்தின் குரல் தாழ்ந்தது. கேட்கக் கேட்க ஷெஹாத்தா டீக்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

"ம்... ம்... இன்னும் வலிக்குதுன்னு யாரு சொன்னா உனக்கு? ... முதுகு பரவாயில்ல. முன்னைக்கு இப்போ... ம்... இல்லடா, நான்... டீயா?"

மேசையின் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க, நர்மீன் எடுத்துவைத்த மவுஸ் பெட்டியைப் பார்த்தான்.

"டீ போடவா கூப்பிடுற என்னை... பலகைப் பக்கமே வர வேணாம்ங்கிற. அடுப்பைப் பாத்துக்கோங்கிற... இத்தனை போனும் இதைச் சொல்லத்தான் அடிச்சியா. நான் பாட்டுக்கு எடுக்காம... ம்."

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியதற்காகவே அவனுக்குத் தன்மேல் கசந்தது. சட்டி தூக்க வேண்டாம் என்று ஒருவன் சொன்னதும் இவ்வளவு சுகமாக இருக்கிறதே என்று நின்றான்.

"சரி. வரேன்... வரேன்னா வரேன். விடியத் தொழுதுட்டு நேரா அங்கதான். சர்க்கரை ஜாஸ்தி போட்டா என்னைத் திட்டக்கூடாது. அந்தப் பயலுக எஃபெந்தி, டீ கொண்டான்னு கத்துவானுக, கத்தட்டும். கொதிக்கக் கொதிக்க ஊத்துறேன் அவனுகளுக்கு... இரு, வச்சுராத. ஒண்ணு கேளு... என்னது? ... அதோட கணக்குத் தீந்துச்சா? யாரு சொன்னா தீந்துச்சுன்னு? நீ என் வீட்டுத் தளத்துக்கு டீ போடல பரகாத். நீ... நான் பேசுறேன்ல, கேளு... டீ போடுறது டீ போடுறதுதான். அதை ஒரு நாளா எண்ணிராத. எண்ணுனேன்னு என் முன்னாடி சொல்லாத... ஹலோ... பரகாத்... கேக்குதா... ஹலோ..."

பரகாத்தின் பக்கம் காசு தீர்ந்திருக்கவேண்டும். லைன் செத்துவிட்டது. ஷெஹாத்தா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வலிக்கிற கையால் மவுஸ் பெட்டியை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரும் கேட்காத போனுக்குள் மெதுவாகச் சொன்னான்:

"உனக்கு நான் ஒரு நாள் சட்டி சுமக்கணும். அது இன்னும் பாக்கி."