யாரைப் பத்திக் கோளு?

இந்தாங்க மோரு. உப்புக்கு உள்ள போனவ கொஞ்சம் நேரமாக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க. என்ன கேட்டீங்க, யாரைப் பத்திக் கோளுன்னா? சொல்றேன், குடிச்சுக்கிட்டே கேளுங்க. ஞானமணி வாத்தியாரு பள்ளிக்கூடம் விட்டு வர நேரமிருக்கு. கூட்டாளிங்கிறீங்க, பாக்காமப் போவீங்களா?

அவரு என் மாடியில வாடகைக்கு வந்த புதுசுல எனக்கும் சந்தேகந்தாங்க. சண்டைக் காலம் பாருங்க, ஆரை நம்புறது? பொழுது சாஞ்சா ஒரு பித்தளைக் குழாயைத் தூக்கிக்கிட்டு மொட்டமாடிக்குப் போயிருவாரு. என்னங்க பண்றீங்கன்னேன். கோளு பாக்குறேம்மாங்கிறாரு. பெரிய கோளு, கரிக்கட்டையாட்டம் கருப்பு, தூரத்துல சுத்திக்கிட்டிருக்கு, ஆரு கண்ணுலயும் தட்டுப்படாது, ஒருநா இல்ல ஒருநா புடிச்சிருவேன்னாரு.

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. பின்ன? என் தம்பி ஆண்டிச்சாமி தந்திக்கம்பிய அறுத்தான்னு வெள்ளக்காரப் போலீசு தேடுறது பொன்னமராவதிக்கே தெரியும். அவனும் பெரிய ஆளு, கருப்பு, எங்கிட்டோ சுத்துறவன். அடப்பாவி, கோளு மூட்டுறதுக்குன்னே என் வீட்டுல வந்து ஒக்காந்திருக்கானேன்னு நெனச்சேன். அன்னைக்கு அவருக்குச் சோறே போடல. ஏம்மான்னு கேட்டாரு. கோளு சொல்ற வாய்க்குச் சோறு ஒரு கேடான்னுட்டேன்!

மனுசன் தலையில அடிச்சுக்கிட்டாரு. கோளுன்னா அந்தக் கோளு இல்லையாம். செவ்வாய், வியாழன்லாம் இருக்குல்ல, அதுக்கு நடுவுல கல்லுகல்லா சுத்துதாம். அதுல வியாழன் பக்கமா ஒரு பெரிய கல்லு, இருட்டோட இருட்டா கெடக்குதாம். அவரும் தேடுறாரு, இன்னும் அம்புடல. பள்ளிக்கூடத்துல, கடையில, ஆரைப் பாத்தாலும் இதே பேச்சுத்தான். அவரு கூட்டாளிக அத்தனை பேருக்கும் காது புளிச்சுப் போச்சு.

அதான் எனக்கு ஒண்ணு வெளங்கல. நீங்க வந்ததும் என்ன சொன்னேன்? வாத்தியாருகிட்ட பெரிய கோளு ஒண்ணு இருக்குங்கன்னேன். கூட்டாளின்னா, அம்புட்டுச்சான்னுல்ல கேக்கணும்? நீங்க யாரைப் பத்தி, எங்க இருக்கான்னு கேட்டீங்க. முழங்காலுக்குக் கீழ துணிப்பட்டி இறுக்கிச் சுத்துன தடமும் இருக்கு. போலீசு உடுப்பை எங்க கழட்டி வச்சீங்க?

அட, ஏன் எந்திரிக்கிறீங்க? கொல்லைக் கதவு தொறந்துதான் கெடக்கு, போய்ப் பாருங்க. மோருல உப்பே இல்லைன்னு அப்பவே மூஞ்சியச் சுழிச்சீங்களே. உப்பு எடுக்கவாங்க நான் உள்ள போனேன்? உள்ள என் தம்பில்ல படுத்திருந்தான்.