பாதிப் பாவும் வறண்ட கண்ணும்

அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் பெரியவர் செங்கோடனார் அவர்களே, வெண்ணந்தூர்த் தறிக்காரப் பெருமக்களே, தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட கை காயுமுன் ஓடிவந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பேச வந்தேன், ஆனால் பயந்துகொண்டே வந்தேன். எதற்குப் பயம்? பாம்புக்கா? பஞ்சத்துக்கா? இல்லை, கண்ணில் கிடக்கும் மணலுக்கு! காற்றில் வராத மணல், கழுவினாலும் கரையாத மணல். இழை அறுந்துவிடுமோ என்று இமை கொட்டாமல் பார்க்கிறோமே, அந்தக் கண்ணின் ஈரம் காய்ந்து, உறுத்தி, எரிந்து, சிவக்கிறதே, அந்த மணல். வறண்ட கண் என்பது அதைத்தான்.

என்ன சிரிப்பு அங்கே? தண்ணீராய் வடிகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும் என்கிறீர்களா? என் தம்பி கந்தப்பனும் அதையேதான் கேட்டான். ஐயா, காய்ந்த கண் எரிச்சல் தாங்காமல் கொட்டுகிற தண்ணீர் அது. வழிந்து போகும், கண்ணில் தங்காது.

கந்தப்பனுக்கு மாசியில் உறுத்தல். பங்குனியில் வெளிச்சம் குத்தியது, இழை மங்கியது. சேலத்துக் கண் டாக்டரிடம் போகலாம் என்று அவன் மனைவி செல்லாயி மன்றாடினாள். ஆனால் நம் தெரு வழக்கம் என்ன? தறியில் ஏற்றிய பாவு நூலை நெய்து முடிக்காமல் பாதியில் விட்டு எழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது! பாவு முடிய இன்னும் ஒன்பது நாள். பச்சிலை பிழிந்துகொண்டு, கஞ்சிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நெய்தான். பத்தாம் நாள் டாக்டர் பார்த்தபோது, வலது கருவிழியில் புண் பழுத்து வெள்ளை விழுந்திருந்தது. அந்தக் கண் போயிற்று.

செல்லாயி என்னிடம் வந்து நின்றாள். "ஏனுங்க மாமா, இழை அறுந்தா முடிஞ்சுக்கலாமுங்க. கண்ணு போனா எதை வெச்சு முடியறதுங்க?" என்றாள்.

என்னிடம் ஏன் கேட்டாள்? பாவை முடித்துவிட்டுப் போ என்று அவனைத் தறியில் உட்கார வைத்தவன் நான்தான். அண்ணன் சொல்லைத் தட்டாத தம்பி அவன்.

தாய்மார்களே, உறுத்தினால் இமை கொட்டுங்கள். வேலையை நிறுத்திக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். சில நாளில் விடவில்லையா? வைத்தியரிடம் போங்கள். வலிக்கிறதா, வெளிச்சம் குத்துகிறதா, பார்வை மங்குகிறதா? அன்றைக்கே ஓடுங்கள்! பாவு காத்திருக்கும், பார்வை காத்திருக்குமா?

இன்று காலை முதல் என் இடது கண்ணிலும் வெளிச்சம் குத்துகிறது. பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. என் தறியில் பாதிப் பாவு கிடக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு, மேடையிலிருந்து இறங்கியதும் சேலத்துக்குப் புறப்படுகிறேன். குடும்பத்துக்கு ஆகாதென்றால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். செவி கொடுத்த உங்களுக்கு நன்றியும் வணக்கமும். வண்டியில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. கண் உறுத்துகிறவர்கள் எழுந்து வாருங்கள்.