வெள்ளத்தில் ஓடமேறிப் போய் ஒன்பது பெயர்களை மீட்டு வந்த செவிலியர் நலிஷேபோ முயுந்தா அம்மையாருக்கு

சாம்பேசிப் பெருவெளியின் கரைமேட்டில், மொங்கு நகரின் குடல்நோய் ஆய்வுப் பிரிவில், முப்பத்திரண்டு ஆண்டுகள் முகம் சுளியாது பணியாற்றி இன்று ஓய்வு பெறும் மாண்புடை அம்மையீர்! மெலிந்த மழலையரின் மேனி தாங்கிய மென்கரத்தீர்! சொல்லில் சுருக்கமும் செயலில் செம்மையும் சோர்விலா நெஞ்சமும் சேர வாய்த்த செவிலித் தாயே! உங்களோடு பணிபுரியும் நாங்கள் பதினொருவர், வாழ்த்தும் வருத்தமும் ஒருங்கே சுமந்து, இந்த அவையில் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல் இது.

பாராட்டு மடலில் குறை சொல்லும் வழக்கம் இல்லை. இதில் குறைகளும் வரும். அவை எங்களுடையவை.

1991-இல் நீங்கள் இங்கே சேர்ந்தபோது ஆய்வுப் பிரிவு என்பது இரண்டு அறையும் ஒரு தராசும்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். உண்டும் தேறாத குழந்தைகள், மாதக் கணக்கில் வயிற்றோட்டம் நிற்காத குழந்தைகள், குடலின் உட்சுவர் தேய்ந்து தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாத குழந்தைகள் சமவெளியிலிருந்து வந்தபடி இருந்தனர். குடல் எவ்வளவு பழுது என்று அறிய அளந்த சர்க்கரை நீரைக் குடிக்கவைத்து, ஐந்து மணி நேரம் ஒரு சொட்டுச் சிறுநீரும் சிந்தாமல் பிடிக்க வேண்டும். சிறுநீர் பிடிக்க ஒட்டிய பை நழுவினால் எல்லாம் முதலிலிருந்து. அந்த ஐந்து மணி நேரமும் தாய்மாரோடு தரையில் அமர்ந்திருந்தவர் நீங்கள். "இந்தப் பய வயித்துல ஆறே ஓடுது, எனக்கு மட்டும் ஒரு சொட்டு தரமாட்டேங்கிறான்" என்று நீங்கள் அலுத்துக்கொள்ள, கூடமே சிரிக்கும். எங்கள் பிள்ளைகளின் மூத்திரத்தில் பீர் காய்ச்சுகிறீர்களா என்று ஒரு தாய் குத்தலாகக் கேட்டதற்கு, "காய்ச்சினா முதல் கோப்பை உனக்குத்தான்" என்றீர்கள். அதற்குப் பிறகு அவள் தன் தங்கையின் குழந்தையையும் தூக்கி வந்தாள். ஆய்வென்ற சொல்லைக் கேட்டாலே இரத்தம் விற்பவர்கள் என்று ஊர் அஞ்சிய காலத்தில், உங்கள் முகத்தை நம்பித்தான் எங்கள் கதவு வழியே மக்கள் உள்ளே வந்தனர்.

இனி 2009-க்கு வருகிறோம். இந்த அவையில் யாரும் பேசாத ஆண்டு அது.

அவ்வாண்டு குடல் சுவரை ஆற்றும் என்று சொல்லப்பட்ட ஒரு புதிய பொடியை நாம் சோதித்தோம். நூற்றெண்பத்தாறு குழந்தைகள். பாதிப் பேருக்குப் பொடி, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது முத்திரையிட்ட உறைக்குள். ஆய்வை நடத்திய டாக்டர் சிகோட்டா கெட்டவர் அல்லர். பொடி பலிக்க வேண்டும் என்று நெஞ்சார விரும்பினார். பலித்தால் அடுத்ததாக இரண்டாயிரம் குழந்தைகளுக்குக் கொடுப்பதாகத் திட்டம். எங்கள் பதினெட்டுப் பேருக்கும் ஐந்தாண்டு வேலை உறுதி. நாங்களும் அதையே விரும்பினோம்.

ஏப்ரலில் பதிவேட்டை மூட வேண்டிய வாரத்தில் நீங்கள் ஒன்றைக் கண்டீர்கள். பரிசோதனைக்கு வராமல் போன பதினேழு குழந்தைகளின் பெயருக்கு எதிரே "குடிபெயர்ந்தது" என்று எழுதியிருந்தது. வெள்ளக் காலத்தில் சமவெளி மக்கள் மேட்டுக்குப் போவது ஆண்டுதோறும் நடப்பதுதான். எங்களில் யாருக்கும் அது உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்தியது. உங்கள் விடுப்பில், உங்கள் செலவில் ஓடமமர்த்திக்கொண்டு, நாணலுக்கும் நீருக்கும் நடுவே ஒன்பது நாள் அலைந்து, பதினேழு வீடுகளையும் தேடிப் பிடித்தீர்கள். எட்டுக் குழந்தைகள் உறவினர் வீடுகளில் உயிரோடு இருந்தன. ஒன்பது குழந்தைகள் இறந்திருந்தன.

திரும்பி வந்த அன்று கூட்ட அறையில் நடந்ததை அங்கிருந்தவர்கள் மறக்கவில்லை. மூட வேண்டிய புத்தகத்தை ஏன் திறக்கிறீர்கள் என்று டாக்டர் சிகோட்டா கேட்டார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"செத்த பிள்ளை எங்கேயும் குடிபோகாது டாக்டர். பேரைத் திருத்தி எழுதுங்க, இல்லேன்னா நான் எழுதுறேன்."

உங்களுக்கு ஆதரவாக ஒரு தலைகூட அசையவில்லை. நீங்களே எழுதி, மேற்பார்வைக் குழுவுக்கு அனுப்பினீர்கள். அவர்கள் உறைகளைப் பிரித்தார்கள். ஒன்பதில் ஏழு குழந்தைகள் பொடி தின்றவை. ஆய்வு அந்த வாரமே நிறுத்தப்பட்டது. டாக்டர் சிகோட்டா தலைநகருக்குப் போய்விட்டார். எங்களில் ஏழு பேருக்கு வேலை போயிற்று.

இந்த இடத்தில், மடலை எழுதி வாசிக்கும் மெபெலோ அக்கபெல்வா ஆகிய நான், எனக்காக மட்டும் பேச அனுமதி கேட்கிறேன். பதிவேடு அப்போது என் பொறுப்பில் இருந்தது. மார்ச் மாதம் இலுக்கேனா என்ற மீனவர், தம் மகன் லுபாசிக்குக் கொடுத்த பொடியில் மீந்த பொட்டலங்களைத் துணியில் முடிந்து எடுத்து வந்தார். பிள்ளை போய்விட்டான், மருந்து வீணாக வேண்டாம், வேறு பிள்ளைக்குக் கொடுங்கள் என்றார். ஒரு மரணத்துக்குப் பதினோரு பக்கப் படிவம். வெள்ளிக்கிழமை கணக்கு முடிக்கச் சொல்லியிருந்தார்கள். தலையாட்டிவிட்டு, அவர் கண் முன்னாலேயே "குடிபெயர்ந்தது" என்று எழுதினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் எழுதுவதைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் அவர் குடிசைக்குப் போனபோது, அன்றைக்கே வந்து சொன்னேனே, அந்தத் தம்பி எழுதிக்கொண்டாரே என்று அவர் சொல்லியிருக்கிறார். மேற்பார்வைக் குழுவின் விசாரணைக்கு நீங்கள் அளித்த அறிக்கையில் "தந்தை முன்னரே தெரிவித்திருந்தார்" என்று மட்டும் இருந்தது. யாரிடம் என்று நீங்கள் எழுதவில்லை. என் வேலை தப்பியது. மனைவி அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தாள். எனக்கிருந்த நன்றியை நான் எப்படிக் காட்டினேன் என்றால், மதியச் சாப்பாட்டு மேசையில் உங்கள் எதிரே உட்காராமல் இருந்தேன். மற்றவர்களும் உட்காரவில்லை. ஏழு பேரின் சோற்றில் நீங்கள் மண்ணைப் போட்டதாக நாங்கள் பேசிக்கொண்டோம். நானும் சேர்ந்து பேசினேன், அம்மா. உண்மை தெரிந்த ஒருவன் நான்தான்.

இப்படி இரண்டு ஆண்டுகள். நீங்கள் தனியே சோறு பிசைந்து உண்டுவிட்டு, தனியே போய்ச் சர்க்கரை நீர் கலந்தீர்கள். ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை. எங்களைப் பற்றி யாரிடமும் முறையிடவில்லை. பின்னர் அதே பொடியை வேறொரு நாட்டில் பெரிய அளவில் சோதித்து, அங்கும் குழந்தைகள் இறக்கவே, அதை அடியோடு கைவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இங்கே இரண்டாயிரம் குழந்தைகள் அதைத் தின்றிருக்க வேண்டும். அவர்களில் சிலர் இன்று இந்நகரில் பந்து விளையாடுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிறார்கள்; தாங்கள் எதிலிருந்து தப்பினோம் என்று அறியமாட்டார்கள். அச்செய்தி வந்த மறுநாள் நாங்கள் உங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தோம். வேண்டிய சொல்லை மட்டும் சொல்லவில்லை. உப்பை இப்படித் தள்ளுங்கள் என்றோம். நீங்கள் தள்ளினீர்கள்.

சென்ற வாரம் இம்மடலின் முற்பகுதியை எழுதி முடித்ததும், உங்கள் அனுமதியின்றி இதை வாசிக்கக் கூடாதென்று எனக்குத் தோன்றியது. நீங்கள் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கையிலிருந்த சீட்டை ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தீர்கள்.

"நீ எழுதினது எனக்கு அன்னைக்கே தெரியும் மெபெலோ. அதுக்குக் கோவமில்ல. பயந்துட்டே, எழுதிட்டே. ஆனா என் வீட்டுக்காரர் முந்தியா செத்தப்போ வந்து உக்காந்திருக்கலாம்ல. அதுல பயப்பட என்ன இருந்துச்சு?"

வாசிக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை; இம்மடலின் பிற்பகுதியை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கணவர், ஆசிரியர் முந்தியா, 2010 ஜூலையில் காலமானார். உங்கள் ஊரான செஃபுலாவில் மூன்று நாள் துக்கம். உடன் வேலை செய்பவர் வீட்டில் சாவு விழுந்தால் மாவு மூட்டையும் விறகும் கொண்டுபோய், தரையில் அமர்ந்து, அடக்கம் முடியும்வரை கூட இருப்பது நம் வழக்கம். பகையாளி வீட்டுக்கும் போவோம். உங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அலுவலகத்திலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று உறவினர்கள் கேட்டபோது, வெள்ளத்தால் பாதை அடைபட்டிருக்கிறது என்று எங்களுக்காக நீங்கள் சொன்னீர்களாம். உங்கள் நாத்தனார் இதை நேற்றுச் சொன்னார். ஜூலையில் வெள்ளம் கிடையாது. அதை அங்கிருந்த எல்லோரும் அறிவார்கள். பதிவேட்டில் ஒரு சொல் பொய்யாக இருக்கப் பொறுக்காத நீங்கள், வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் எங்கள் மானம் காக்கச் சொன்னதாயிற்று.

அம்மையீர்! நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் நிம்மதியான நித்திரையும் உங்களுக்கு வாய்க்க வேண்டும். பேரப்பிள்ளைகளின் பெருஞ்சிரிப்பு உங்கள் முற்றத்தை நிறைக்க வேண்டும். நீங்கள் எழுதி வைத்த குறிப்புகளை நம்பி நாளைய மருத்துவர் நல்ல மருந்து காண வேண்டும். இவற்றை மனமார வேண்டுகிறோம்.

வரும் சனிக்கிழமை காலை நாங்கள் பதினொருவரும் செஃபுலாவுக்கு வருகிறோம். எங்களில் ஆறு பேர் அன்று வந்திருக்க வேண்டியவர்கள். ஐவர் பின்னால் சேர்ந்தவர்கள், நடந்ததைக் கேட்டு வருவோம் என்றவர்கள். மாவும் விறகும் கொண்டு வருகிறோம். ஆசிரியரின் கல்லறையில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு உங்கள் வாசலுக்கு வருவோம். பதின்மூன்று ஆண்டு பிந்திய துக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஏற்பதானால் உட்கார ஓர் இடம் மட்டும் காட்டுங்கள். பாய் வேண்டாம், தரை போதும்.

தலைகுனிந்து கையொப்பமிடும்,
குடல்நோய் ஆய்வுப் பிரிவின் பணியாளர் பதினொருவர்
மொங்கு, ஆகஸ்டு 2023
எழுதி வாசித்தவர்: மெபெலோ அக்கபெல்வா, பதிவேட்டுப் பொறுப்பாளர்