அந்த இயந்திரத்துக்குச் சத்தம் கிடையாது

காப்பி நன்றாகவே இருக்கிறது, மேடம். ஷெரிப் அலுவலகக் காப்பியை வாயில் வைக்க முடியாது என்று ஊரில் சொல்வார்கள். ஊர் எதைத்தான் சரியாகச் சொல்லியிருக்கிறது.

என் பக்கத்து வீட்டுக்காரர் வில்மர் ஹெய்க்கினென் இறந்தது பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையின் நகல் எனக்கும் வந்தது. நேரில் இருந்த ஒரே ஆள் நான் என்பதால் அனுப்பியிருக்கிறீர்கள். நேர்த்தியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதில் ஒரு வரி தவறு. அதைத் திருத்தத்தான் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். எந்த வரி என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் நான் பல் வைத்தியம் பார்த்தவன். உங்கள் அப்பாவின் கடைவாய்ப் பல்லை நான்தான் பிடுங்கினேன் என்று நினைக்கிறேன். என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வலிக்குப் பயந்தார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வலிக்குத்தான் ஊசி போட்டுவிடுகிறோமே. அவர்கள் பயந்தது அந்தத் துளைக்கும் கருவியின் சத்தத்துக்கு. சத்தம் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை என்னைப் போல் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவு.

தொழிலை விட்டபிறகு, வாசல் பனியை அள்ளி எறியும் பழைய ஸ்னோப்ளோயர் இயந்திரங்களை வாங்கிச் சரிசெய்ய ஆரம்பித்தேன். டிராக்டர் மாதிரி உறுமும் பெரியவை இல்லை. சின்னவை. முன்னால் ஒரே ஒரு சுழல்தண்டு, அதில் ரப்பர்ப் பட்டைகள். பனியை அள்ளுவதும் அதுவே, எறிவதும் அதுவே. வாங்குவதென்றால் ஜூலையில் வாங்க வேண்டும். அப்போது பனி என்ற சொல்லே யாருக்கும் ஞாபகம் இருக்காது. படகை நிறுத்த இடம் வேண்டும் என்று கொட்டகையை ஒழித்துக்கொண்டிருப்பார்கள். லேக் லிண்டன் என்ற ஊரில் ஒரு விதவை அம்மாள் தார்ப்பாயை விலக்கி ஒன்றைக் காட்டினாள். ஓடுமா என்று கேட்டேன். "அவரு இருந்தப்ப ஓடிச்சு. அவரு போனப்புறம் அதுவும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிச்சு" என்றாள். அந்த இயந்திரம்தான் இந்தக் கதையில் வருவது.

பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பாகாக உறைந்து நின்றிருந்தது. அதன் துளைகளும் பல்லின் வேர்க்குழாய்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான். என் பழைய கருவிகளாலேயே சுத்தம் செய்தேன். ஓட வைப்பது பெரிய காரியமில்லை, யாரும் செய்வார்கள். சத்தத்தை அடக்குவதுதான் காரியம். எல்லோரும் சைலன்சரை மட்டும் பார்ப்பார்கள். பாதிச் சத்தம் தகரத்திலிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பெல்ட்டை மூடியிருக்கும் தகடு அதிரும், பனி வெளியேறும் கழுத்து அதிரும், ஒரு தளர்ந்த திருகு போதும், உயிரை வாங்கிவிடும். தகட்டுக்கு உள்பக்கம் கம்பளித்துணி ஒட்டினேன். திருகுக்குத் திருகு ரப்பர் வளையம் போட்டேன். ஒலி அளக்கும் கருவியைக் கேமரா முக்காலியில் மாட்டி, ஒவ்வோர் இயந்திரத்தையும் அதே தூரத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். லேக் லிண்டன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மற்றவை எல்லாம் சந்தைக்கடை. அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே பக்கத்து மரத்துச் சிட்டுக்குருவியைக் கேட்கலாம்.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால், "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது டாக்டரே" என்பார்கள். அது ஒரு அவமானம், மேடம். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

வில்மருக்கு வருகிறேன். அவர் மாவட்டச் சாலைத் துறையில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டியவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றும் அந்த விடியற்கால வழக்கம் போகவில்லை. காக்கை எழுவதற்கு முன்பே எழுந்துவிடுவார். அவரிடமும் என்னுடையதைப் போல ஒரு சின்ன இயந்திரம். அதன் சைலன்சர் துருப்பிடித்து உதிர்ந்துபோனதும், ஒரு காப்பித்தூள் டப்பாவில் ஓட்டை போட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். அது எழுப்பிய சத்தத்தை விவரிக்க நான் முயலவில்லை. என் படுக்கையறை அந்தப் பக்கம்தான்.

சத்தத்தைக்கூடச் சகித்திருப்பேன். எங்கள் தெருவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யார் முதலில் எழுகிறாரோ அவர் தன் வாசல் கார்ப்பாதையில் கிடக்கும் பனியோடு பக்கத்து வீட்டுப் பாதைப் பனியையும் தள்ளிவிடுவார். அதற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வேண்டாம் என்றால் நீயே வேண்டாம் என்று அர்த்தம். கோடை முழுவதும் நான் கொட்டகையில் உட்கார்ந்து ஓர் இயந்திரத்தைத் தயார் செய்வேன். முதல் பனி விழும். பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால் என் பாதை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். விருந்து சமைத்து வைத்துவிட்டுக் கைகழுவப் போய் வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரன் சாப்பிட்டு முடித்திருந்தால் எப்படி இருக்கும்? அதுவும் உங்களுக்கு உபகாரம் செய்ததாக நினைத்துக்கொண்டு?

"நல்லாத் தூங்கினீங்களா டாக்டரே? உங்க வாசலையும் ஒரு இழுப்பு இழுத்து விட்டுட்டேன்" என்பார்.

"நானே செஞ்சிருப்பேன் வில்மர்."

"நான்தான் எந்திரிச்சிட்டேன்ல, அப்புறம் நீங்க எதுக்கு? உங்க பொம்மைங்கள்லாம் கொட்டாயிலயே இருக்கட்டும். வெளிய வந்தா சளி புடிச்சிக்கும்."

நான் இன்னும் சீக்கிரமாக எழுந்து பார்த்தேன். அவர் அதைவிடச் சீக்கிரம் எழுந்தார். எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று எண்ணி இரக்கப்பட்டார். "வயசானா அப்படித்தான் டாக்டரே, எனக்கும் அதே கதைதான்" என்று சொல்லித் தோளில் தட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று அன்று நானே நம்பினேன். உங்களிடம் அப்படிச் சொன்னால் அது சரியாக இருக்காது.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு இதயத்தில் அடைப்பு என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். கையால் பனி அள்ளும் பனிவாரியைத் தொடவே கூடாது, இயந்திரம் என்றால் மெதுவாகத் தள்ளலாம் என்று அனுப்பினார்கள். அவர் மனைவி ஆர்லீன் ஏலக்காய் ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டாக்டர், அந்தச் சனியனோட சத்தத்தக் கொஞ்சம் கொறச்சுக் குடுங்களேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு அந்த அதிர்வே ஆகாது. சொன்னா எங்க கேக்கறாரு."

வில்மர் பின்னாலேயே இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். "சத்தம் வரலேன்னா அது ஓடுதா இல்லியான்னு எப்படிங்க தெரியும்?" என்றார். பிறகு, "பனிக்கு முன்னாடி குடுத்துருவீங்கல்ல?" என்று கேட்டார். கொடுத்துவிடுவேன் என்றேன்.

பிரித்துப் போட்டேன். பாகங்களைக் கழுவி, க்ளினிக் தட்டுகளில் வரிசையாக அடுக்கினேன். புதிய சைலன்சர் சீக்கிரமே வந்து சேர்ந்தது. மாட்டுவது ஒரு காலை வேலை. ஆர்லீன் கேட்டபோது இன்னும் வரவில்லை என்றேன். அது பெஞ்சுக்கு அடியில் பெட்டியோடு இருந்தது. பொய் என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பனிப்பொழிவு. அதில் என் பாதையையும் அவர் பாதையையும் நானே தள்ளுவேன், அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார், அந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று வாழ்க்கையில் ஒருமுறையாவது கேட்பார். அதன்பிறகு அவருடையதைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

என் கொட்டகையில் ஓடுகிற இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றனவே, அதில் ஒன்றை அவருக்கு இரவல் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடுத்தால் என்ன செய்வார் தெரியுமா? விடிவதற்கு முன் எழுந்து என் இயந்திரத்தாலேயே என் பாதையைத் தள்ளிவிட்டுப் போவார்.

ஏரிப் பக்கமிருந்து பனி வந்தது. இரவு முழுதும் கொட்டி, காலையில் ஓய்ந்திருந்தது. ஆர்லீனிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன், நான் பார்த்துக்கொள்கிறேன், அவரை வெளியே விடாதே என்று. லேக் லிண்டன் இயந்திரத்தைக் கொட்டகை வாசலுக்கு உருட்டிவந்து நிமிர்ந்து பார்த்தால், என் பாதை தெருவைத் தொடும் தெருமுனையில் வில்மர் நிற்கிறார். கையில் பனிவாரி. நகராட்சி வண்டி தெருவிலிருந்து ஒதுக்கிவிட்டுப் போன பனிக்கரையை உடைத்துக்கொண்டிருக்கிறார். ஈரச் சிமெண்ட் மாதிரி கனக்கும் அது. நல்ல இதயம் உள்ளவனுக்கே மூச்சு முட்டும். தன் வீட்டுப் பாதையை அவர் இன்னும் தொடவே இல்லை. என்னுடையதில்தான் ஆரம்பித்திருந்தார்.

"மெஷின் இல்லேன்னா என்ன டாக்டரே, கை இருக்குல்ல" என்று உரக்கச் சொன்னார். "இந்தக் கரைய மட்டும் ஒடச்சு விட்டுர்றேன். இது உங்க பொம்மைக்குத் தாங்காது. ஆர்லீன் கிட்ட மூச்சு விட்டுராதீங்க."

அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் படிப்பித்திருக்கிறார்கள். பனிவாரியைக் கீழே போடுங்கள் என்று சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். பொம்மை என்ற சொல் மட்டும் காதில் நின்றுகொண்டே இருந்தது. நான் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

மேடம், நான் பொய் சொல்லப் போவதில்லை, அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரப்பர்ப் பட்டைகள் தரையைத் தடவிக்கொண்டு போயின. கழுத்திலிருந்து பனி பாய்ந்து விழும் சத்தம் யாரோ சமையலறையில் மாவு சலிப்பது போல் கேட்டது. ஒரு தகடுகூட அதிரவில்லை. பாதி தூரம் போனபோது வில்மர் அந்தக் கரையின்மேல் உட்கார்ந்திருந்தார். பனிவாரி பக்கத்தில் கிடந்தது. நான் இயந்திரத்தைத் திருப்பிக் கொட்டகையை நோக்கி இன்னொரு வரிசை போட்டேன். அதற்குப் பிறகு இன்னொன்று. வரிசைக்கு வரிசை விளிம்பு ஒட்டி, கோணல் இல்லாமல். முழுப் பாதையையும் முடித்துவிட்டுத்தான் தெருமுனைக்குப் போனேன். அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அது உங்களிடம் பதிவாகியிருக்கிறது.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சவ அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழறையில் ஹாம் வைத்த பன்னும் காப்பியும் கொடுத்தார்கள். ஆர்லீன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது அவள் கண் சுருங்கியிருந்தது.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல டாக்டர். மனசுல வச்சிக்காதீங்க. அந்த மெஷின் போடற காட்டுக் கத்தல்ல யாருக்குத்தான் கேக்கும்?"

சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தப் பழைய இயந்திரங்களைப் பற்றித் தெரியாதா, காது செவிடாகிவிடுமே என்றார் ஒருவர். நான் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு உங்கள் அறிக்கை வந்தது. "இயந்திரத்தின் பேரிரைச்சல் காரணமாக, இறந்தவர் உதவி கேட்டிருந்தாலும் சாட்சியின் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை." இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். என் கொட்டகைக்கும் வந்தீர்கள். அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை. பார்த்தவுடன் பேரிரைச்சல் என்று எழுதிவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அவர் இரண்டு முறை கூப்பிட்டார். முதலில் டாக்டரே என்றார். இரண்டாவது முறை கார்ல்டன் என்று என் பெயரைச் சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அதனால் ஞாபகமிருக்கிறது. இரண்டும் தெளிவாகக் கேட்டன.

ஆர்லீனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னை இங்கேயே வைத்துக்கொள்வதானாலும் சரி. ஆனால் கொட்டகைச் சாவியை இந்த மேஜைமேல் வைக்கிறேன், பாருங்கள். யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவரைத் தெருமுனையில் அந்தக் கரையின்மேல் உட்கார வைத்து, உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கத்த வேண்டாம், வில்மருக்குக் கத்துவதற்கு மூச்சு இருக்கவில்லை. நீங்கள் அந்த லேக் லிண்டன் இயந்திரத்தை ஓடவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி நில்லுங்கள். உங்களுக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்கும். அதற்குப் பிறகு அந்த வரியை அடித்துவிடுங்கள்.